உட்கருவின் வாயிலும் ஆய்வுக்கூடத்தின் தராசும்

கோவிட் நோய் நாடெங்கும் பரவியிருந்த 2020, 2021 ஆகிய ஆண்டுகளில், ஐவர்மெக்டின் என்னும் மருந்தின் பெயர் கற்றோர் கல்லாதோர் அனைவருடைய நாவிலும் வழங்கிற்று. புழுநோய்களுக்கும் சொறிக்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த அம்மருந்து, வைரஸால் உண்டாகும் இப்புதிய நோயையும் தீர்க்கும் என்று பலர் நம்பினர். கடைகளில் அதனை வாங்கி வீட்டில் சேமித்து வைத்தோரும் உண்டு. அந்நம்பிக்கையின் ஊற்றைத் தேடிச் சென்றால், நாம் ஒரு மருத்துவமனையில் போய் நிற்பதில்லை. விரல்நுனி அளவுள்ள பிளாஸ்டிக் குழிக்குள் நடைபெற்ற ஓர் ஒளிச் சோதனையில் போய் நிற்கிறோம். அச்சோதனை அளந்தது ஒன்றே ஒன்றைத்தான்: உயிரணுவின் உட்கருவுக்குள் பொருள்களை ஏற்றிச் செல்லும் புரதத்தை வேறொரு புரதம் பற்றுகிறதா, இல்லையா என்பதை.

இத்தகைய பற்றுதலை விஞ்ஞானிகள் எவ்வாறு அளக்கிறார்கள், அவ்வளவைகள் எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்வதில்லை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க எண்ணுகிறோம்.

வாயிலும் துபாஷியும்

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும், சிவப்பணு போன்ற சிலவற்றை நீக்கிப் பார்த்தால், உட்கரு என்னும் உள்ளறை ஒன்று உண்டு. பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. அங்கேதான் காக்கப்படுகிறது. அவ்வறையை இரட்டைச் சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. புரதங்களோ அவ்வறைக்கு வெளியே, உயிரணுச் சாற்றில் உருவாகின்றன. டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் புரதங்களும், அதனைப் படியெடுக்கும் புரதங்களும் வெளியே பிறந்து உள்ளே சென்று பணிபுரிய வேண்டியவை. அவை செல்லும் வழிகளே உட்கருத் துளைகள். ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்கள் பல படிகளாகச் சேர்ந்து ஒவ்வொரு துளையையும் கட்டியுள்ளன.

துளை என்றவுடன் திறந்த வழி என்று கொள்ளலாகாது. அதன் நடுவே நூலிழைபோன்ற புரதச் சரங்கள் அடர்ந்து நிற்கின்றன. சிறு மூலக்கூறுகள் அவற்றினூடே தாமாக நுழைந்துவிடும். ஹைட்ரஜன் அணு ஒன்றின் எடையை ஏறத்தாழ ஒரு டால்டன் என்று கொண்டால், சுமார் 40,000 டால்டனுக்கு மேற்பட்ட புரதங்கள் துணையின்றி எளிதில் உட்புக இயலாது.

வேற்றுமொழி வழங்கும் ஊருக்குப் புதிதாக வந்த தமிழர் ஒருவரின் நிலையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கையில் முகவரிச் சீட்டு இருக்கிறது. வாயிற்காவலரிடம் பேச மொழி இல்லை. இரு மொழியும் அறிந்த துபாஷி ஒருவர் உடன் வந்தால், சீட்டைத் தமிழில் படித்து, காவலரிடம் அவர் மொழியில் சொல்லி, உள்ளே அழைத்துச் சென்றுவிடுவார். உயிரணுவில் இத்துபாஷி வேலையை இரண்டு புரதங்கள் பகிர்ந்து செய்கின்றன. சரக்கின் சீட்டைப் படிப்பது இம்போர்ட்டின் ஆல்பா. ஆல்பாவைத் தாங்கிக்கொண்டு துளையின் சரங்களோடு உறவாடி உள்ளே நுழைவது இம்போர்ட்டின் பீட்டா. உட்கருவுக்குள் ரான் என்னும் சிறு புரதம், ஜி.டி.பி. என்னும் மூலக்கூற்றைத் தாங்கி நிறைந்திருக்கிறது. அது பீட்டாவைப் பற்றியவுடன் கூட்டணி பிரிகிறது. சரக்கு உள்ளே இறங்குகிறது. துபாஷிகள் அடுத்த சரக்குக்காக வெளியே திரும்புகிறார்கள்.

அம்முகவரிச் சீட்டு எவ்வளவு சிறியது என்பது வியப்புக்குரியது. எஸ்.வி.40 என்னும் வைரஸின் பெரிய புரதம் ஒன்றில், லைசின், ஆர்ஜினின் என்னும் நேர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்கள் மிகுந்த ஏழே அலகுகள் அச்சீட்டாக அமைந்துள்ளன என்று 1984-ஆம் ஆண்டில் கண்டனர். அவ்வேழனுள் குறிப்பிட்ட ஒரு லைசினை மாற்றிவிட்டால், அப்புரதம் உட்கருவுக்குள் சேராமல் வெளியே தங்கிவிடுகிறது. வைரஸ்கள் பல, தம் புரதங்களில் இத்தகைய சீட்டுகளை வைத்துக்கொண்டு நம் துபாஷிகளையே ஏமாற்றி உட்புகுகின்றன. ஆகவே, துபாஷியின் கையைக் கட்டும் மருந்து ஒன்று கிடைத்தால் வைரஸைத் தடுக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. அம்மருந்தைத் தேடுவதற்கு முதலில் வேண்டியது, சீட்டைத் துபாஷி எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்று அளக்கும் தராசு.

அளக்கும் முறைகள்

இத்துறைக்கு அடிகோலிய சோதனைகளுள் ஒன்றை 1990-இல் அமெரிக்காவில் ஆடம், மார், ஜெரேஸ் என்னும் மூவர் வெளியிட்டனர். டிஜிடாலிஸ் செடியிலிருந்து கிடைக்கும் டிஜிடோனின் என்னும் பொருள் கொலஸ்டிராலைப் பற்றிச் சவ்வில் ஓட்டை போடும் தன்மையுடையது. உயிரணுவின் வெளிச்சவ்வில் கொலஸ்டிரால் மிகுதி. உட்கருவின் சவ்வில் குறைவு. ஆதலின் அளவறிந்து டிஜிடோனினை இட்டால், வெளிச்சுவர் ஓட்டையாகும். உள்ளறை பழுதின்றி நிற்கும். பின்னர் உயிரணுச் சாற்றைக் கழுவி நீக்கிவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய சரக்கை வெளியிலிருந்து சேர்த்தனர். சாறு இல்லாதபோது சரக்கு உட்கருவுக்குள் சேரவில்லை. சாற்றையும் ஆற்றல் தரும் ஏ.டி.பி.யையும் திரும்பச் சேர்த்தவுடன் உட்கரு நுண்ணோக்கியில் ஒளிர்ந்தது.

இதன் பயன் பெரிது. சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எப்பகுதி உட்கருவை ஒளிரச் செய்கிறது என்று தேடும் வழி இதனால் திறந்தது. அவ்வழியே சென்றுதான் இம்போர்ட்டின் ஆல்பா 1994-இலும், பீட்டா அதனையடுத்த ஆண்டிலும் தனித்தெடுத்து அறியப்பட்டன.

துபாஷிகள் கைக்குக் கிடைத்தபின், உயிரணுவே இல்லாமல் பற்றுதலை மட்டும் அளக்கும் முறைகள் வளர்ந்தன. அவற்றுள் எளியது இழுத்தெடுக்கும் சோதனை. நுண்ணிய மணிகளின்மேல் இம்போர்ட்டினைப் பதித்து, சரக்குப் புரதம் உள்ள கரைசலில் கலக்கி, மணிகளைப் பன்முறை கழுவுகிறார்கள். பற்றிய புரதம் மணியோடு தங்கும். பற்றாதது நீரோடு போய்விடும். எஞ்சியதைப் பிரித்தெடுத்துக் கூழ்ப்பலகையில் மின்னோட்டத்தால் ஓடவிட்டுச் சாயமேற்றினால் பட்டை பட்டையாகத் தெரியும். பற்றுகிறதா என்ற கேள்விக்கு இது விடை தரும். எவ்வளவு வலிமையாகப் பற்றுகிறது என்று செம்மையாகச் சொல்லாது. மெலிதாகப் பற்றுவன கழுவும்போதே கழன்றுபோவதும் உண்டு.

வலிமையை அளக்கப் பெரிதும் கையாளப்படும் முறை, ஒளியின் முனைவாக்கத்தைக் கொண்டு அளப்பது. சிறு பம்பரம் விர்ரென்று சுழலும். ஆட்டுக்கல்லின் குழவி மெல்லத்தான் திரும்பும். அதுபோல, கரைசலில் சிறு மூலக்கூறு விரைந்து உருளும். பெரியது தாமதமாக உருளும். முகவரிச் சீட்டாகிய சிறு துண்டு ஏறக்குறைய 1,000 டால்டன் எடையுள்ளது. அதற்கு ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டி, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன்மேல் பாய்ச்சுகிறார்கள். துண்டு தனித்திருந்தால், ஒளியை உமிழ்வதற்குள் பலவாறு உருண்டுவிடும். வெளிவரும் ஒளி தளம் குலைந்திருக்கும். ஏறத்தாழ 60,000 டால்டன் எடையுள்ள ஆல்பாவோடு அது ஒட்டிக்கொண்டால் மெல்ல உருளும். ஒளி தன் தளத்தைப் பெரிதும் காத்துக்கொள்ளும். இம்போர்ட்டினைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், துண்டுகளுள் பாதி ஒட்டிக்கொள்ளும் செறிவு எதுவென்று தெரியவரும். அதனைப் பிரிகை மாறிலி என்பர். அது எவ்வளவு சிறிதோ பற்று அவ்வளவு வலிது.

மேலும் இரு முறைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். மெல்லிய தங்கப் படலத்தில் இம்போர்ட்டினைப் பதித்து, சரக்கை அதன்மீது ஓடவிட்டால், ஒட்டும் பொருளின் அளவுக்கேற்ப எதிரொளிக்கும் ஒளியின் கோணம் மாறும். எவ்வளவு விரைவில் ஒட்டுகிறது, எவ்வளவு விரைவில் கழலுகிறது என்ற இரண்டையும் இது தனித்தனியே காட்டும். மற்றொன்று வெப்பத்தை அளப்பது. இரு கரைசல்களைத் துளித்துளியாகக் கலக்கும்போது வெளிப்படும் அல்லது உறிஞ்சப்படும் மிகச்சிறு வெப்பத்தைக் கணக்கிட்டு, பற்றின் வலிமையையும், எத்தனைக்கு எத்தனை ஒட்டுகின்றன என்ற விகிதத்தையும் அறியலாம். இதற்குச் சாயமும் வேண்டா, மணியும் வேண்டா. புரதம் மட்டும் நிறைய வேண்டும்.

இம்முறைகள் யாவும் ஆளை ஏமாற்றக்கூடியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இம்போர்ட்டின் ஆல்பாவின் ஒரு முனையில், முகவரிச் சீட்டைப் போலவே தோன்றும் ஒரு பகுதி உண்டு. பீட்டா உடனில்லாதபோது அப்பகுதி மடங்கிவந்து, சீட்டு அமரவேண்டிய பள்ளத்தில் தானே அமர்ந்துவிடும். இதனை அறியாது ஆல்பாவை மட்டும் குழியில் இட்டு அளப்பவர், பற்று மெலிந்தது என்று தவறாக முடிவு கட்டுவார். ஆகவே பீட்டாவையும் சேர்த்தோ, அம்முனையை வெட்டி நீக்கியோ அளக்க வேண்டும். ஒரு லைசின் மாற்றப்பட்ட பழுதான சீட்டையும் உடன் வைத்து அளந்து, அது ஒட்டவில்லை என்று காட்டவும் வேண்டும். பழுதான சீட்டும் ஒட்டுமானால் அத்தராசு பழுதானது. இத்தகைய ஒப்புச் சோதனை இல்லாத அளவை, படிக்கல் சரிபாராத கடைத் தராசுக்கு ஒப்பாகும்.

ஒரு மருந்தின் கதை

இனி ஐவர்மெக்டினுக்குத் திரும்புவோம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸின் இன்டக்ரேஸ் என்னும் புரதம் இம்போர்ட்டினைப் பற்றுவதைத் தடுக்கும் பொருள்களைத் தேடினர். அவர்கள் கையாண்டது இரு மணிச் சோதனை. ஒரு மணியில் இம்போர்ட்டினும் மற்றொன்றில் வைரஸ் புரதமும் சேர்ந்திருக்கும். ஒரு மணியின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கிளர்ந்த ஆக்சிஜன் அதிலிருந்து கிளம்பும். அது ஏறக்குறைய 200 நானோமீட்டர் தூரமே செல்லவல்லது. அதற்குள் மற்ற மணி இருந்தால் ஒளி தோன்றும், இல்லையேல் இல்லை. மருந்து ஒன்றைச் சேர்த்தவுடன் ஒளி மங்கினால், அது பற்றைக் குலைத்திருக்கலாம்.

குலைத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறோம். ஆக்சிஜனை விழுங்கிவிடும் பொருளும் ஒளியை மங்கச் செய்யும். நிறமுள்ள பொருளும் மங்கச் செய்யும். அவற்றை வேறு சோதனைகளால் களைய வேண்டும். 2011-இல் வெளியான அவ்வாராய்ச்சியில், எஸ்.வி.40 வைரஸின் புரதத்தையும் ஒப்புக்காக வைத்து அளந்தனர். ஐவர்மெக்டின் இரு புரதங்களின் பற்றையும் தடுத்தது. ஆகவே அது குறிப்பிட்ட ஒரு சரக்கைத் தடுக்கவில்லை, துபாஷிகளின் கூட்டணியையே தாக்குகிறது என்று முடிவுகட்டினர். 2012-இல், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் எச்.ஐ.வி., டெங்கு ஆகிய வைரஸ்களின் பெருக்கத்தை அது குறைப்பதையும் காட்டினர். 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அது இம்போர்ட்டின் ஆல்பாவோடு நேரே ஒட்டி அதன் நிலைப்பைக் குலைக்கிறது என்று வெப்பச் சோதனை முதலியவற்றால் நிறுவியது. இவை யாவும் நேர்மையான, பயனுள்ள ஆராய்ச்சிகள்.

2020 ஏப்ரலில் கோவிட் வைரஸைக் கொண்டு அச்சோதனை நடந்தது. உயிரணுக்கள் வளரும் கிண்ணத்தில் 5 மைக்ரோமோலார் செறிவில் ஐவர்மெக்டினை இட்டபோது, 48 மணி நேரத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 5,000 மடங்கு குறைந்தது. 5,000 மடங்கு என்ற எண் உலகெங்கும் பரவிற்று. 5 மைக்ரோமோலார் என்ற எண்ணைக் கவனித்தோர் சிலரே.

அவ்வெண்ணை நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐவர்மெக்டின் மூலக்கூற்றின் எடை சுமார் 875. ஆகவே 5 மைக்ரோமோலார் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 4,400 நானோகிராம். புழுநோய்க்குக் கொடுக்கும் வழக்கமான அளவு, உடலெடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிகிராம். அதனை உட்கொண்டவர் இரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும்போதும் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பத்து நானோகிராம் அளவே காணப்படும். கிண்ணத்தில் இட்ட செறிவு இதனைப்போல் நூறு மடங்கு அளவினது! மேலும், இரத்தத்தில் உள்ள மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அங்குள்ள புரதங்களோடு கட்டுண்டு கிடக்கும். நூறு மடங்கு உண்போம் என்று எவரேனும் துணிந்தால், மயக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் நேரக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச் 31-ஆம் நாள், ஆராய்ச்சிக்காக அன்றிக் கோவிட் நோயாளிகளுக்கு இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு மே மாதத்தில் கோவா அரசு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தடுப்பாக இதனை வழங்கப்போவதாக அறிவித்தது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சென்னையைச் சேர்ந்த டாக்டர் சௌம்யா சுவாமிநாதன், நிறுவனத்தின் அறிவுரையைப் பொதுமக்களுக்கு மீண்டும் எடுத்துரைத்தார். நம் நாட்டின் தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து இம்மருந்து 2021 செப்டம்பரில் நீக்கப்பட்டது. பிரேசிலில் 1,358 நோயாளிகளைக் கொண்டு, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2022 மார்ச்சில் வெளியாயிற்று. மருத்துவமனையில் சேரவேண்டிய நிலையை இம்மருந்து குறைக்கவில்லை என்பதே அம்முடிவு.

இதனால் ஐவர்மெக்டினை இழித்துரைத்தல் தகாது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அதன் மூலப்பொருளைக் கண்டறிந்து வளர்த்த சதோஷி ஒமுரா, வில்லியம் கேம்பல் ஆகிய இருவரும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஆப்பிரிக்காவில் ஆற்றோரங்களில் வாழும் மக்களின் கண்ணைப் பறித்துவந்த புழுநோயை அது பெரிதும் அடக்கியது. யானைக்கால் நோயை ஒழிப்பதற்காக, நம் நாட்டின் சில மாவட்டங்களில் 2018 முதல் வேறு இரு மருந்துகளோடு சேர்த்து அது வழங்கப்பட்டு வருகிறது. அப்பயன்கள் மனிதரிடம் சோதித்து நிலைநாட்டப்பட்டவை.

நான்கு படிகள்

இக்கதையிலிருந்து நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டியது, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் நான்கு படிகளை. ஒரு மூலக்கூறு மற்றொன்றைப் பற்றுகிறதா, அல்லது பற்றைத் தடுக்கிறதா என்பது முதற்படி. இதற்கு மணியும் ஒளியும் தங்கப் படலமும் விடை தரும். பற்றைக் குலைத்தால் சரக்கு வாயிலைக் கடப்பது உண்மையிலேயே நிற்கிறதா என்பது இரண்டாம் படி. இதற்கு டிஜிடோனின் சோதனை விடை தரும். உயிருள்ள அணுக்களில், அவற்றைக் கொல்லாமல் அது நிகழ்கிறதா, எவ்வளவு செறிவில் நிகழ்கிறது என்பது மூன்றாம் படி. அச்செறிவு மனித உடலில் தீங்கின்றிக் கிட்டுமா, கிட்டினால் நோயாளி பிழைக்கிறாரா என்பது நான்காம் படி. அதற்கு விடை சொல்ல, நோயாளிகளைக் கொண்டு ஒழுங்காக நடத்தும் ஆராய்ச்சி ஒன்றாலேதான் இயலும்.

ஏணி ஏறமுடியாதது என்று எண்ணவேண்டா. உட்கருவிலிருந்து பொருள்களை வெளியேற்றும் மற்றொரு துபாஷி உண்டு. எக்ஸ்போர்ட்டின் என்பது அதன் பெயர். அதனைப் பற்றி முடக்கும் செலினெக்சார் என்னும் மருந்து, நான்கு படிகளையும் கடந்து, 2019-இல் அமெரிக்காவில் எலும்பு மச்சையைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அங்கும் தொடக்கம் பற்றுதலை அளந்ததே. ஆயினும் தொடக்கத்தையே முடிவென்று எவரும் கொள்ளவில்லை.

தாய்நாட்டைவிட்டு நீங்காவிடினும் தாய்மொழி வழங்கும் நிலத்தைவிட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழன்பர்களுக்குச் செய்திகள் பல மொழிகளில் வந்து சேர்கின்றன. அண்டை வீட்டார் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ ஒன்று சொல்வார்; ஊரிலிருந்து உறவினர் தமிழில் வேறொன்று எழுதுவார். ஆய்வுக்கூடத்தில் புதிய மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி எம்மொழியில் வந்தாலும், இரண்டு கேள்விகளை அதனிடம் கேட்கலாம். சோதனை நடந்தது குழியிலா, கிண்ணத்திலா, மனிதரிடத்திலா? அங்கே இட்ட அளவு நம் உடலில் தீங்கின்றிக் கிட்டக்கூடியதா? இவற்றுக்கு விடை தெரியும் வரையில், மருந்துக் கடைக்குச் செல்வதற்கு முன்பு மருத்துவரிடம் செல்வதே நலம்.